நாளைக் காலைப் போணி

"இன்று வெயில் கடுமையாக இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் அதிகம். எத்தனை எலுமிச்சம்பழங்கள் வாங்கப் போகிறீர்கள்?" என்று போனுக்குள்ளிருந்து வாத்தியார் கேட்டதும் மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் கடுமையாம். சிமெண்ட் சீட்டுக் கூரைக்குக் கீழே, ஃபேன் காற்றே வெந்நீர் தெளித்த மாதிரி மேலே விழுகிற வீட்டில், சாய்ந்தால் முதுகு சுடுகிறதென்று சுவரை விட்டுத் தள்ளி நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து வெயில் கடுமை என்று தகவல் சொல்லுகிறது. வலது கால் கட்டைவிரலில் தூளிக் கயிற்றைச் சுற்றியிருந்தாள். காலை ஆட்டினால் தூளி ஆடும், தூளி ஆடினால் மகிழா தூங்குவாள், மகிழா தூங்கினால்தான் இரண்டு கையும் அம்மாவுக்குச் சொந்தம். ஒன்றரை வயதுக்கு என்ன அதிகாரம், கால் கொஞ்சம் ஓய்ந்தால் உள்ளேயிருந்து ஒரு முனகல், ஆட்டுட்டி என்கிற மாதிரி. ஆட்டுதேன் தாயே, ஆட்டுதேன். வாத்தியார் என்று பேர் வைத்தவன் அவள் புருசன் இசக்கிராஜ்தான். எதைக் கேட்டாலும் நிச்சயமாக என்று ஆரம்பித்துப் பாடப் புத்தகத் தமிழில் பதில் சொல்லுகிற இந்த ஏஐயைப் போனில் இறக்கிக் கொண்டுவந்த அன்றைக்கு, "இங்க பாரு கனி, நம்ம சர்பத் கடைய அப்படியே இதுக்குள்ள வச்சு வெளையாடலாம். நீ பழம் வாங்கு, வெல வையி, எத்தன கிளாஸ் வித்துச்சுன்னு அது சொல்லும். நட்டம் வந்தா வாத்தியாருக்கு, லாபம் வந்தா நமக்கு," என்றான். லாபத்த எந்தப் பைக்குள்ள போடுவிய என்று அவள் கேட்டாள். அவன் சட்டைப் பையைப் பிரித்துக் காட்டினான், உள்ளே ஒரு எலுமிச்சங்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது கொட்டை இருக்கும். துவைக்கும்போது கையில் நெருடும். இப்போது அந்தச் சட்டைகளைத் துவைக்க வேண்டியதில்லை. நூறு பழம் என்று எழுதினாள், உடனே அழித்தாள். பங்குனி வெயிலுக்கு நூறு எந்த மூலைக்கு. ஐப்பசியில் அவன் போனபோது பூட்டின கடையை நாளைக்குத் திறக்கப்போகிறாள், நிசக் கடையை. சித்திரை வெயிலையும் தவறவிட்டால் பிறகு மழைக்குச் சர்பத் குடிக்க யார் வருவார்கள். அதற்குத்தான் இந்தப் பழக்கம், கை மறந்திருக்குமோ, கணக்கு மறந்திருக்குமோ என்று. கணக்கு மறக்கவில்லை. கைதான். கையைப் பற்றித்தான் கோமதி மைனி சாயங்காலத்துக்குள் வந்து பதில் கேட்கப்போகிறாள்.

இசக்கிராஜின் அக்கா அவள், புருசன் லாரி ஓட்டுகிறார். நேற்று அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது வந்து, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி கனி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது," என்றாள். அப்படி ஆரம்பிக்கிற எதையும் சரியாக நினைக்க யாருக்கும் இதுவரை முடிந்ததில்லை, இருந்தாலும் சொல்லுங்க மைனி என்றாள். "காலம்பற நான் வந்து போணி மட்டும் பண்ணிட்டுப் போயிருதேன். மொத கிளாஸ் மட்டும் எங் கையால குடுத்திருதேன். அதுக்கப்புறம் பொழுதடையுற மட்டும் நீயே பாத்துக்கோ, ஒங் கடை. எதுக்கு ஊரு வாயில விழணும்? மொத ஆளு வந்து ஒன்னயப் பாத்துட்டுத் தயங்கி நின்னான்னு வையி, எனக்குத் தாங்காதுட்டி." சொல்லும்போதே மைனிக்குக் கண் நிறைந்துவிட்டது, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அதுதான் கஷ்டம். வெடுக்கென்று பேசுகிறவர்களிடம் வெடுக்கென்று பேசிவிட்டுப் போகலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், "வெறும் நெத்தியோட எம் முன்னால நிக்காதட்டி, என்னால பாக்க முடியல," என்று தன் பையிலிருந்து கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு எடுத்து ஒட்டிவிட்டவள் இந்த மைனிதான். ஊரே பார்த்தது, பார்க்கட்டும் என்றாள். அப்பேர்ப்பட்டவளே போணிக்கு நீ வேண்டாம் என்றால், அப்போ அது நிசமாக இருக்குமோ. பருப்பு அடிப்பிடித்துவிட்டது நேற்று. மைனிதான் வாசம் பிடித்துச் சொன்னாள். சரியென்று சொல்லிவிடலாம், சொன்னால் என்ன குறைந்துவிடும், ஒரு கிளாஸ், ஒரே ஒரு கிளாஸ், அதை யார் கொடுத்தால் என்ன, ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பிச் சப்ஜா விதையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தால் முடிந்தது. அப்புறம் மறுநாள். மறுநாளும் ஒரு முதல் கிளாஸ் இருக்கும். மைனி எத்தனை காலைக்கு வருவாள். காய்ச்சல் வந்தால், ஊருக்குப் போனால். அன்றைக்கெல்லாம் பல்லை விளக்கிக்கொண்டு தெருவில் யாராவது சுமங்கலி போகிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேனா, அக்கா கொஞ்சம் வந்து இந்தக் கிளாஸைத் தூக்கி அந்த அண்ணாச்சி கையில குடுத்துட்டுப் போங்கன்னு.

கால் ஓய்ந்திருந்தது, உள்ளே முனகல் கேட்டது, ஆட்டினாள். நூற்றைம்பது பழம் என்று எழுதி அனுப்பினாள். "சிறந்த முடிவு!" என்றது வாத்தியார். எந்த முடிவானாலும் அதற்குச் சிறந்த முடிவுதான், ஒரு நாள் வேண்டுமென்றே ஐந்து பழம் என்று எழுதிப் பார்த்தபோதும் எச்சரிக்கையான முடிவு என்று மெச்சிக்கொண்டது. இசக்கிராஜ் அப்படி இல்லை. "இவ்வளவு பழம் வாங்குனா யாரு, ஒங்க அப்பாவா வந்து குடிப்பாரு?" என்பான். ஆனால் கை விஷயத்தில் அவனும் வாத்தியார் மாதிரிதான், கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஐஸ் உடைத்து, பழம் பிழிந்து, நன்னாரி ஊற்றி எல்லாம் தயாராக வைத்துவிட்டு, முதல் கிளாஸை மட்டும் கொடுக்கமாட்டான். ஆள் வந்து நிற்கும். "இருங்க அண்ணாச்சி, வீட்ல வந்துருவா," என்பான். அவள் மகிழாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு ஓட்டமும் நடையுமாகப் போய், அந்தக் கிளாஸை எடுத்துக் கொடுப்பாள். காசை வாங்கி அவன் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போடுவான். ஒருதரம் இவளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, கிளாஸை மூடி வண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்து, "சும்மா தொடு, போதும்," என்று தொடவைத்துத் திரும்பக் கொண்டுபோனான், பாதி வழியில் சிந்தி அரைக் கிளாஸ்தான் மிச்சம், அதைக் குடித்த ஆள் என்ன நினைத்தாரோ. தெருவில் பெண்கள் கேலி பண்ணினார்கள். மகாராணி கை பட்டாத்தான் சர்பத் இனிக்குமோ என்றார்கள். ஆமா, எங்க கடை எங் கையிலதான் ஓடுது என்று இவள் கையை விரித்துக் காட்டினாள், வெட்கமில்லாமல். எவ்வளவு பெருமை அப்போது. அது மூடத்தனம், அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க, பழமும் வெயிலும்தான் காரணம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாளா. பன்னெண்டாவதில் வணிகவியல் எடுத்துப் படித்தவள்தானே, கிராக்கி, வரத்து என்று பக்கம் பக்கமாக எழுதி முதல் மார்க் வாங்கினவள்தானே, சொல்லவில்லையே. நல்ல கை என்றபோது நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, இப்போது ஆகாத கை என்றால் மட்டும் கைக்கு ராசியாவது ஒன்றாவது என்று எந்த வாயால் பேசுவது. அந்தக் கைதான் இந்தக் கை. ரேகை கூட மாறவில்லை. நகத்தடியில் நேற்று அரைத்த மஞ்சள் கூட அப்படியே.

ஐப்பசியில் அந்தக் காலையிலும் போணி அவள்தான் பண்ணினாள். அதை நினைக்கக் கூடாது, நினைக்கவேண்டாம், பழம் எத்தனை, நூற்றைம்பது, சீனி எத்தனை கிலோ. அந்தக் காலையிலும் கொடுத்தாள். யாருக்கு என்று ஞாபகமில்லை. எத்தனை யோசித்தும் அந்த ஆளின் முகம் வரவில்லை, கிளாஸை வாங்கின கை மட்டும் வருகிறது, கறுத்த கை, செம்புக் காப்பு. இசக்கிராஜ் காசைக் கண்ணில் ஒற்றினான். ஏலத்துக்கு நேரமாச்சு, பழம் எடுத்துட்டு வந்துருதேன் என்று புளியங்குடிக்கு வண்டியைக் கிளப்பினான். திரும்பி வரும்போது குளத்து வளைவில், தூறலில், வண்டி வழுக்கிவிட்டது, அவ்வளவுதான், யாரும் இடிக்கவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை, சும்மா வழுக்கினது. அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவனை எடுத்துப்போய்விட்டார்கள், ரோடு முழுக்க எலுமிச்சம்பழம்தான் கிடந்தது. மஞ்சள் மஞ்சளாக. சாக்கு கிழிந்து உருண்டு, போகிற வருகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது, யாரோ புது வண்டிக்குப் பூஜை போட்டு டயருக்கு அடியில் வைத்து நசுக்கின மாதிரி, ஒன்றிரண்டில்லை, ஒரு சாக்கு. அந்த வாசம். எல்லாரும் அழுகிறார்கள், இவள் மூக்குக்குள் அந்த வாசம் ஏறி, நல்ல பழம், சாறு நிறைய உள்ள பழம், பார்த்து எடுத்திருக்காவ என்று நினைத்துக்கொண்டு நின்றாள். அப்படி நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. நூற்றைம்பது பழம் என்று இப்போது எழுதினபோது மூக்கு தானாக ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டது. கடை திறந்தால் நாளெல்லாம் அந்த வாசத்துக்குள்தான் நிற்கவேண்டும், அது பரவாயில்லை, அதைத் தாங்கலாம், தாங்கிக்கொண்டு சிரிக்கவும் செய்யலாம். கிளாஸை நீட்டும்போது எதிரே வாங்குகிற கை ஒரு நொடி பின்னால் போனால்? அதுகூடப் பரவாயில்லை. நீட்டுகிற என் கையே ஒரு நொடி பின்னால் வந்தால்?

"கடை திறக்கப்பட்டது. காலையில் முதல் வாடிக்கையாளர் வந்து ஒரு சர்பத் வாங்கினார்," என்றது வாத்தியார். எப்போதும் இதைத் தாண்டிப் போய்விடுவாள், மொத்தம் எத்தனை விற்றது என்றுதான் பார்ப்பாள். இன்றைக்கு அந்த வரியிலேயே கண் நின்றது. யார் அவர் என்று எழுதினாள். "ஒரு பள்ளி ஆசிரியை. வெயிலில் நடந்து வந்ததால் தாகமாக இருந்தார்." அவர் கடைக்காரி நெற்றியைப் பார்த்தாரா என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்தாள். விளையாட்டுக்குள் இத்தனை நாளாக எல்லாரும் வாங்கிவிட்டுப் போகிறார்கள், நல்ல மனுசர்கள், தாகத்தைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெயில், விலை, பழம், சீனி, இந்த நாலைத்தான் வாத்தியார் பார்க்கிறது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் சொல்லாமல் வருகிற லாபம் என்ன லாபம். கடைக்காரிக்குப் புருசன் செத்துப்போயிட்டான், போணியும் அவதான் பண்ணுதா, அதையும் சேத்துக்கோ என்று விரல் எழுதிவிட்டது, பச்சை அம்புக்குறியை அமுக்கியும் விட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏதோ பஞ்சாயத்தில் எழுந்து நின்று பேசிவிட்ட மாதிரி. வாத்தியார் கொஞ்சம் யோசித்தது, மூன்று புள்ளி ஓடிற்று. "இதை விளையாட்டில் சேர்க்கலாம். இது உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றியது என்றால், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இதனால் எத்தனை வாடிக்கையாளர்கள் வாங்காமல் போவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்? நீங்கள் சொல்லும் எண்ணை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்." என்னிடமே கேட்கிறது பார். எத்தனை பேர். டவுன் பஸ் கண்டக்டர் போகமாட்டார், அவர் கிளாஸைக் கூடப் பார்க்கமாட்டார், ஒரே மடக்கு, பஸ் கிளம்பிவிடும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் நிற்பார்கள், வாங்குவார்கள், வாங்கும்போது ஐயோ பாவம் என்று ஒரு பார்வை, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் வரமாட்டார்கள். பேங்கில் நகையைத் திருப்பப் போகிறவர் அடுத்த கடையில் சோடா குடித்துக்கொள்வார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், அதுகளுக்கு ஒன்றும் தெரியாது, அதுகளின் அம்மாமார் பின்னாலேயே வருவார்கள். போன வாரம் கணக்குப் பரீட்சை அன்றைக்கு, தெருமுனையில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை ஒன்று எதிரே வந்தபோது மாரிக்கனி தண்ணீர்க் குடத்தோடு சந்துக்குள் ஒதுங்கி நின்றாள். யாரும் ஒதுங்கு என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு இவளைப் பார்க்காமலே போய்விட்டது. யார் சொல்லி ஒதுங்கினேன். அப்படியானால் அந்த எண்ணில் முதல் ஆளாக என்னையே சேர்க்கவேண்டுமா வாத்தியாரே.

யாரும் போகமாட்டாங்க, சைபர் என்று எழுதினாள். "அருமை! நூற்றைம்பது பழங்களும் தீர்ந்தன. இன்று உங்கள் சிறந்த நாள்!" பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பாதிப் பேர் போயிருவாங்க என்று எழுதினாள். "புரிந்தது. பாதிப் பழங்கள் மீந்துவிட்டன. நாளை விலையைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாமா?" அதுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் என்று எழுதினால் எல்லாரும் போய்விடுவார்கள், யாரும் இல்லை என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. பாவம், அதைக் குறை சொல்லி என்ன, அது இந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்றதில்லை. சொன்னபடி கேட்கிறவர்களிடம் கேட்டு எதைத் தெரிந்துகொள்ள. இசக்கிராஜ் இருந்தால் கேட்டிருக்கலாம், ஏங்க எங் கை நல்ல கையா இல்லையா, உண்மையச் சொல்லுங்க என்று. அவன் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் திரும்பி வேறு என்னமோ ஆகிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தம் வந்தால் மகிழா எழுந்துவிடுவாள். அழுகைக்குக் கூடப் பிள்ளை தூங்கவேண்டும். கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. யாரிடமாவது கேட்டுப் பார்க்கவேண்டும், சொன்னபடி கேட்காத ஆளிடம், என்மேல் பிரியமாக இருக்கிற ஆளிடம், பயம் இருக்கிற ஆளிடம், அந்தப் பயத்தை எனக்காக மறைக்கத் தெரியாத ஆளிடம்.

செருப்பை வாசலில் உதறுகிற சத்தம் கேட்டது. மைனிதான், மைனி எப்போதும் இரண்டு தடவை உதறுவாள். "தூங்கிட்டாளா என் சீமாட்டி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே வந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த முருங்கைக்காய்களைச் சுவரோரம் வைத்து, செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். "ஒங்க அண்ணாச்சி இன்னைக்கு லோடு ஏத்திட்டுக் கேரளாவுக்குப் போறாவ. கட்டுச்சோறு கட்டணும், நான் உக்கார மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். "என்னட்டி, கண்ணு செவந்திருக்கு?"

"போன பாத்துக்கிட்டே இருந்தேன் மைனி."

"அதத் தூக்கி அடுப்புல போடு. சரி, காலம்பற எத்தன மணிக்கு வரட்டும்?"

"பால்காரர் வர நேரத்துக்கு வாங்க."

"அப்பாடி," என்றாள் மைனி. முகமே தளர்ந்தது. "நேத்து ராத்திரி பூரா தூக்கமில்லட்டி எனக்கு. எங்க கோவிச்சுக்கிடுவியோன்னு."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல மைனி. ஆனா நீங்க கடைக்கு உள்ள வர வேண்டாம். வெளிய நில்லுங்க, வாங்குறவங்க நிக்குற பக்கம். மொத கிளாஸ் நான் குடுக்கேன். நீங்க வாங்கிக் குடிங்க. எனக்குப் போணி நீங்கதான்."

ஃபேன் கடகடவென்று சுற்றியது. மைனி சுவரைப் பார்த்தாள், முருங்கைக்காயைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று மாரிக்கனி நினைத்தாள். விளையாட்டாகச் சொன்னேன் மைனி என்று சொல்லிவிட வாய் வந்தது, சொல்லாமல் இருந்தாள், சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மைனியின் வலது கை எப்போது மேலே போனதென்று தெரியவில்லை, சேலைக்குள்ளிருந்த தாலிக்கொடியைப் பிடித்திருந்தது. மைனிக்கே அது தெரியவில்லை. மாரிக்கனி பார்த்தாள், பார்த்ததை மைனி பார்த்துவிடக் கூடாதென்று கண்ணைத் தூளிக் கயிற்றுக்கு இறக்கிக்கொண்டாள்.

"எனக்குச் சீனி கம்மியாப் போடணும், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் மைனி கடைசியில். "சுகர் இருக்குன்னு தெரியும்லா."

சொல்லி முடித்த பிறகும் அந்தக் கை கொடியை விடவில்லை.